நியூயார்க்கைக் காசு வாங்காமல் சுற்றிக் காட்டுகிறவர்கள்

கேள்வி இது: "நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் மகன் வீட்டுக்கு மூன்று மாதம் தங்க வந்திருக்கிறோம். மகனும் மருமகளும் வார நாள்களில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நியூயார்க் ரயில் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில்தான் இருக்கிறது. மாடி பஸ்ஸில் உட்கார்ந்து கட்டடங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவதில் எங்களுக்கு நிறைவில்லை. அதற்கும் நிறையக் கேட்கிறார்கள். ஊரின் கதையைச் சொல்லி அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும். மகனுக்குச் செலவு வைக்கவும் மனமில்லை. வழி இருக்கிறதா?"

இருக்கிறது ஐயா. நன்றாகவே இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. இந்த ஊரின் நல்ல இலவச நடைகளில் பல, வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாத வார நாள்களில், காலை பத்து பதினொரு மணிக்கு நடக்கின்றன. மகன் கிளம்பிய பிறகு வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்த நேரம்தான் நியூயார்க்கைப் பார்க்கத் தோதான நேரம்.

நான் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். என் பெற்றோர் முதல்முறை வந்தபோது நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் அதே இடத்தில் இடறக்கூடும். இணையத்தில் "ஃப்ரீ வாக்கிங் டூர்" என்று தேடி, மேலே வந்த ஒன்றில் பெயர் பதிந்து அவர்களை அனுப்பிவைத்தேன். இரண்டு மணி நேரம் அந்த இளைஞன் அருமையாகப் பேசினானாம். முடிவில் எல்லாரும் வரிசையாகப் போய் அவன் கையில் இருபது டாலர் நோட்டு வைத்திருக்கிறார்கள். அப்பாவின் சட்டைப் பையில் ரயில் டிக்கெட்டைத் தவிர ஒன்றும் இல்லை. இலவசம் என்றுதானே மகன் சொன்னான்! அவர் வீட்டுக்கு வந்து இரவு முழுவதும், "ஒரு பையனின் அரை நாள் உழைப்பைச் சும்மா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்" என்று வருந்திக்கொண்டிருந்தார். அந்த வருத்தம் நியாயமானது. அந்த வகை நடை உண்மையில் இலவசம் அல்ல. விலையை நீங்களே முடிவு செய்யும் நடை, அவ்வளவுதான். வழிகாட்டிக்குச் சம்பளம் என்று பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. டிப்ஸ்தான் அவருடைய சாப்பாடு. சில நிறுவனங்களில், வந்த ஆள்களின் தலையை எண்ணி வழிகாட்டியே நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும். நீங்கள் ஒன்றும் கொடுக்காமல் வந்தால் அவருக்குக் கைநட்டம்.

அன்றிலிருந்து எந்த இலவச நடையைப் பார்த்தாலும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்த வழிகாட்டிக்குச் சோறு போடுவது யார்? விடை தெரிந்தால் மற்றது எல்லாம் தெளிந்துவிடும். அரசு சம்பளம் கொடுக்கிறதா, ஒரு நிறுவனம் கொடுக்கிறதா, வேறு வருமானம் உள்ள ஒருவர் ஊர்மேல் உள்ள பிரியத்தால் வருகிறாரா, அல்லது நாம்தான் கொடுக்க வேண்டுமா? முதல் மூன்றில் நீங்கள் தலை நிமிர்ந்து கையை வீசிக்கொண்டு போகலாம். நான்காவதில் பணத்தோடு போக வேண்டும்.

அரசு சம்பளம் கொடுக்கும் வகையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் கண்ணில் அதிகம் படாதது அதுதான். அமெரிக்காவில் தேசியப் பூங்காத் துறை என்றதும் மலையும் காடும் கரடியும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் துறையின் பல இடங்கள் நியூயார்க்கின் மையப் பகுதியான மன்ஹாட்டனிலேயே இருக்கின்றன. பச்சைக் கால்சட்டையும் சாம்பல் நிறச் சட்டையும் தட்டையான விளிம்பு வைத்த தொப்பியும் அணிந்த ரேஞ்சர்கள் அங்கே நின்று கதை சொல்கிறார்கள். கதை சொல்வது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. அதற்குப் பயிற்சியும் பெற்றவர்கள். அவர்களுக்கு டிப்ஸ் கொடுக்க முயலாதீர்கள். அரசு ஊழியர்கள், வாங்கக் கூடாது.

இவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் ஆப்பிரிக்கன் பரியல் கிரவுண்டுக்குப் போங்கள். நகர மண்டபத்துக்குச் சற்று வடக்கே, 290 பிராட்வே என்ற முகவரியில் ஓர் உயரமான அரசு அலுவலகக் கட்டடம் இருக்கிறது. 1991இல் அதற்கு அடித்தளம் தோண்டியபோது மண்ணுக்கடியில் எலும்புகள் தென்பட்டன. நியூயார்க்கின் தேவாலய இடுகாட்டில் கறுப்பினத்தவரைப் புதைக்கக் கூடாது என்று விதி இருந்த காலத்தில், நகர எல்லைக்கு வெளியே அவர்களுக்கு என்று இருந்த இடுகாடு அது. 1690களிலிருந்து 1794 வரை அங்கே சுமார் 15,000 பேர் புதைக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். நகரம் வளர்ந்து, அந்த இடத்தின் மேல் மண்ணைக் கொட்டி, வீடு கட்டி, அப்படி ஒன்று இருந்ததையே மறந்துவிட்டது. கண்டுபிடித்த பிறகும் கட்டுமானம் நிற்கவில்லை. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் நின்றது. எடுக்கப்பட்ட 419 பேரின் எலும்புகள் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டு, 2003இல், கானா நாட்டில் கையால் செதுக்கிய பெட்டிகளில் வைத்து, வழியெங்கும் மக்கள் அஞ்சலி செலுத்த, அதே மண்ணுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டன. அவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்கள் குழந்தைகள்.

இதையெல்லாம் படித்தும் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் அங்கே ஒரு ரேஞ்சர், புல் முளைத்த ஏழு சிறு மேடுகளைக் காட்டி, பெட்டிகள் இவற்றின் கீழேதான் இருக்கின்றன என்று தணிந்த குரலில் சொல்லும்போது, சுற்றிலும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் நகரம் ஒரு கணம் வேறாகத் தெரியும். என் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அதுவரை நான் அந்த இடத்தை ஒரு நினைவிடமாகத்தான் பார்த்திருந்தேன். அவருக்கு அது முன்னோர் உறங்கும் இடம். ரேஞ்சர் அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்திக்கொண்டார். பதிவு செய்த குரலைக் காதில் மாட்டிக்கொண்டு நடக்கும் ஆடியோ டூரில் இந்த நிறுத்தம் கிடைக்காது. அதற்காகத்தான் ஆள் வேண்டும் என்கிறீர்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் வால் ஸ்ட்ரீட். அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த மதில் 1653இல் டச்சுக்காரர்கள் எழுப்பியது. அதைக் கட்டியவர்களில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களும் உண்டு. பரியல் கிரவுண்டை முதலில் பார்த்துவிட்டுப் போனால் இந்தச் செய்தி வெறும் தகவலாக நிற்காது. 26 வால் ஸ்ட்ரீட்டில் ஃபெடரல் ஹால். 1789 ஏப்ரல் 30 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் முதல் அதிபராகப் பதவிப் பிரமாணம் எடுத்த இடம் அது. இப்போது நிற்கும் தூண்கள் வைத்த கட்டடம் 1842இல் வந்தது. இங்கேயும் ரேஞ்சர்கள், இங்கேயும் நுழைவு இலவசம். இருபதாம் தெருவில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பிறந்த வீடு, ஹார்லெமில் நாட்டின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் வாழ்ந்த வீடு ஆகியவையும் இதே துறையின் கையில், இதே முறையில் நடக்கின்றன. ஹாமில்டனின் வீட்டை இரண்டு முறை அப்படியே பெயர்த்து இடம் மாற்றியிருக்கிறார்கள் என்பது கட்டடக் கலையில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சுவையான கதை. இந்த இடங்கள் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. சில சனி ஞாயிறில் மூடியிருக்கும், சில திங்களில். தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. கிளம்பும் நாள் காலையில் மகனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

எடிசனிலிருந்து இந்தப் பக்கம் வருவதற்கு நியூ ஜெர்சி டிரான்சிட் ரயிலில் நியூவார்க் பென் ஸ்டேஷன் வரை வந்து, அங்கே பாத் (PATH) என்ற ரயிலுக்கு மாறினால் வேர்ல்ட் டிரேட் சென்டரில் இறங்கலாம். மேலே சொன்ன வால் ஸ்ட்ரீட்டும் பரியல் கிரவுண்டும் அங்கிருந்து நடக்கும் தூரம். டிரான்சிட் ரயிலில் 62 வயது ஆனவர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. வயதைக் காட்டும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

அடுத்தது, நிறுவனங்கள் நடத்துபவை. இங்கே நீங்கள் தேட வேண்டிய சொல் "டோசென்ட்". அருங்காட்சியகத்திலும் நூலகத்திலும் பயிற்சி பெற்று, பொருள்களை விளக்கிச் சொல்லும் தன்னார்வலர்களுக்கு அமெரிக்காவில் இந்தப் பெயர். தேடும்போது நகரத்தின் பெயரோடு இந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினால் டிப்ஸ் நடைகளின் கூட்டம் விலகி, உண்மையான இலவசங்கள் மேலே வரும். எந்தப் பெரிய அமெரிக்க நகரத்துக்குப் போனாலும் இது உதவும்.

ஆசிரியர்களான உங்களை நான் முதலில் அனுப்ப விரும்பும் இடம், ஐந்தாம் அவென்யூவில் 42ஆம் தெருவில் இருக்கும் நியூயார்க் பொது நூலகத்தின் தலைமைக் கட்டடம். வாசலில் இரண்டு பளிங்குச் சிங்கங்கள். பொறுமை, மன உறுதி என்று அவற்றுக்குப் பெயர். 1930களில், பொருளாதாரம் நொறுங்கி மக்கள் வேலையின்றித் திண்டாடிய காலத்தில், இந்த ஊர் மக்களுக்கு இரண்டும் வேண்டும் என்று மேயர் லகார்டியா வைத்த பெயர்கள் அவை. கட்டடம் திறந்தது 1911இல். அதற்கு முன் அந்த இடத்தில் ஊருக்குத் தண்ணீர் கொடுத்த பிரம்மாண்டமான நீர்த்தேக்கம் இருந்தது. அதன் சுவரின் ஒரு பகுதியை இன்றும் உள்ளே பார்க்கலாம். பொதுமக்களுக்குத் திறந்த நாளில் முதலில் கேட்கப்பட்டு வந்து சேர்ந்தது ஒரு ரஷ்ய மொழிப் புத்தகம். அடுக்குகளிலிருந்து சில நிமிடங்களில் கைக்கு வந்துவிட்டதாம். புலம்பெயர்ந்தவர்களின் ஊர் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியுமா என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அங்கே பெரும்பாலான நாள்களில் காலையிலும் பிற்பகலிலும் தன்னார்வலர்கள் ஒரு மணி நேரம் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கட்டணம் இல்லை. மேல்தளத்தில் உள்ள வாசிப்புக்கூடம் ஏறத்தாழ 300 அடி நீளம், நடுவில் ஒரு தூண் இல்லை. கூரையில் மேகங்களை வரைந்திருக்கிறார்கள். யாராக இருந்தாலும், எந்த நாட்டவராக இருந்தாலும், உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து படிக்கலாம். சுற்றிப் பார்க்கும் கூட்டத்தை வாசிப்புக்கூடத்துக்குள் எல்லா நேரமும் விடுவதில்லை. படிப்பவர்களுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது என்பதால். ஒரு நூலகம் அப்படித்தானே இருக்க வேண்டும்? கீழ்த்தளத்தில் நூலகத்தின் அரிய சேகரிப்புகளை வைத்திருக்கும் நிலையான கண்காட்சியும் இலவசம். கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளும் ஜெஃபர்சன் தன் கையால் எழுதிய சுதந்திரப் பிரகடனப் பிரதியும் அந்தச் சேகரிப்பில் உள்ளவை.

மதிய உணவுக்கு வெளியே அலைய வேண்டாம். நூலகத்துக்குப் பின்னாலேயே பிரையன்ட் பார்க். அங்கே சிறிய பச்சை நாற்காலிகளும் மேசைகளும் எல்லாருக்கும் பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் புல்வெளிக்கு அடியில் இரண்டு தளங்களில் நூலகத்தின் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பூங்காவில் சுத்தமான கழிப்பறை உண்டு, நூலகத்திலும் உண்டு. நியூயார்க்கில் நம் வயதுக்காரர்களுக்கு இந்தத் தகவல் சுதந்திர தேவி சிலையைவிட முக்கியம்.

நகர மண்டபத்தையும் உள்ளே சுற்றிக் காட்டுகிறார்கள். 1812இல் முடிந்த கட்டடம். இன்றும் மேயரின் அலுவலகம் அங்கேதான். 1865இல் சுட்டுக் கொல்லப்பட்ட லிங்கனின் உடல் அங்கே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. நகரத்தின் வடிவமைப்பு ஆணையம் நடத்தும் இந்த நடை இலவசம்தான், ஆனால் முன்பதிவு வேண்டும், வாசலில் பைகளைச் சோதிப்பார்கள்.

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நிலைமை வேறு. உள்ளே நடக்கும் விளக்க நடைகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் உள்ளே போவதற்குக் கட்டணம் உண்டு, அதுவும் கூடுதல். விரும்பியதைக் கொடுத்து நுழையும் சலுகை நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கும், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாணவர்களுக்கும் மட்டும். ஆகையால் உங்களுக்கு இல்லை. ஆனாலும் மகன் வருகிற ஒரு நாளில் இதற்கு மட்டும் பணம் கொடுத்துப் போகலாம் என்பது என் கருத்து. தென்னாசியக் காட்சிக்கூடத்தில் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் செப்புத்திருமேனி ஒன்று நிற்கிறது, பார்வதி. அந்த இடுப்பின் நெளிவை ஒரு கண்ணாடிக்குப் பின்னால், தூப வாசனையோ தீபமோ இல்லாமல் பார்க்கும்போது மனத்தில் எழுவது பெருமையா துயரமா என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. நியூ ஜெர்சியின் பல ஊர் நூலகங்கள், உறுப்பினர்களுக்குப் புத்தகம் கொடுப்பதுபோல அருங்காட்சியக நுழைவுச் சீட்டுகளையும் இரவல் கொடுக்கின்றன. மகனுடைய நூலக அட்டைக்கு எந்தெந்த அருங்காட்சியகச் சீட்டு கிடைக்கும் என்று அந்த ஊர் நூலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். கட்டணமே வேண்டாம் என்றால், தெற்கு முனையில் பழைய சுங்க மாளிகையில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. ஆண்டு முழுவதும் எல்லாருக்கும் இலவசம்.

மூன்றாவது வகை என் மனத்துக்கு மிக நெருக்கமானது. 1992இல் லின் புரூக்ஸ் என்ற நியூயார்க் பெண்மணி, வெளியூர்களுக்குப் போகும்போதெல்லாம், உங்கள் ஊர் அச்சம் தரும் ஊர், பணக்காரர்களின் ஊர் என்று பலர் சொல்லக் கேட்டு மனம் வருந்தி ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். பெயர் பிக் ஆப்பிள் கிரீட்டர். வெளியூரிலிருந்து வரும் விருந்தாளியை ஓர் உள்ளூர்க்காரர் சந்தித்து, தன் தெருவை, தன் கடையை, தான் ஏறும் ரயிலைக் காட்டுவார். இரண்டு முதல் நான்கு மணி நேரம். ஆறு பேருக்கு மேல் இல்லாத சிறு குழு, பெரும்பாலும் உங்கள் குடும்பம் மட்டும். டிப்ஸ் வாங்கக் கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. இந்த எண்ணம் பிறகு உலகெங்கும் பரவியது; சிகாகோவிலும் பாரிஸிலும் இன்னும் பல நகரங்களிலும் கிரீட்டர்கள் இருக்கிறார்கள். வேறு ஊருக்குப் போகும் வாய்ப்பு வந்தால் அந்த ஊரின் பெயரோடு "கிரீட்டர்" என்று சேர்த்துத் தேடுங்கள்.

கேட்கும்போது "நியூயார்க் பார்க்க வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள், இத்தனை வயது, படிக்கட்டு இவ்வளவுதான் ஏற முடியும், பள்ளிகளும் சந்தைகளும் பார்க்கப் பிடிக்கும் என்று விவரமாக எழுதுங்கள். பொருத்தமான ஆளைத் தேடிக் கொடுப்பது அந்தத் தன்னார்வலர்களின் வேலை. நீங்கள் எவ்வளவு சொல்கிறீர்களோ அவ்வளவு நல்ல துணை கிடைக்கும். இடத்தை அவர்கள் கேட்டால் தயங்காமல் குவீன்ஸ் என்று சொல்லுங்கள். மன்ஹாட்டனை எல்லாரும் காட்டுவார்கள். ஏழாம் எண் ரயிலில் ஏறி, ஜாக்சன் ஹைட்ஸில் இறங்கி, திபெத்திய மோமோ கடைக்கும் வங்காள மீன் கடைக்கும் கொலம்பிய ரொட்டிக் கடைக்கும் நடுவே ஓர் உள்ளூர்க்காரருடன் நடப்பதுதான் இந்த ஊரை நெருங்கிப் பார்ப்பது. ரயிலின் கடைசி நிறுத்தம் ஃபிளஷிங். 1977இல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோயில் அங்கேதான் இருக்கிறது. கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். உங்களை அழைத்து வந்த கிரீட்டரையும் கோயிலுக்குள் அழைத்துப்போய், ஏன் முதலில் பிள்ளையார், ஏன் தேங்காய் உடைக்கிறோம் என்று நீங்கள் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் காசு வாங்கமாட்டார்கள், கதையை மிகவும் விரும்பி வாங்கிக்கொள்வார்கள்.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை 11 மணிக்கு ஃபிளாட்அயர்ன் பகுதியில் அந்த வட்டாரத்தின் வணிகர் சங்கம் நடத்தும் இலவச நடை நெடுங்காலமாக நடக்கிறது. மேடிசன் ஸ்கொயர் பூங்காவின் தென்மேற்கு மூலையில், அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து வாங்கிய சீவர்டின் சிலையருகே கூடுவார்கள். இங்கே வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது சங்கம். மே மாதத் தொடக்கத்தில் இருந்தால் ஜேன்ஸ் வாக் என்ற பெயரில் ஊர் மக்களே தத்தம் தெருக்களில் நூற்றுக்கணக்கான நடைகளை நடத்துவார்கள். நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட இருந்த தெருக்களைப் போராடிக் காப்பாற்றிய ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007இல் டொரன்டோவில் தொடங்கிய வழக்கம் அது. அக்டோபரில் இருந்தால் ஓப்பன் ஹவுஸ் வார இறுதி. வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டடங்களைத் திறந்து காட்டுவார்கள், சிலவற்றுக்கு மட்டும் முன்பதிவுக்குச் சிறு தொகை உண்டு. நகரப் பூங்காக்களில் பறவை பார்க்கவும் மரம் அறியவும் நகரத்தின் பூங்கா ரேஞ்சர்கள் நடத்தும் நடைகளும் இலவசம்தான். ரயிலில் அவ்வளவு தூரம் வர முடியாத நாளில் நியூ ஜெர்சியிலேயே பேட்டர்சன் அருவிக்குப் போகலாம், அதுவும் தேசியப் பூங்காத் துறையின் இடம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை மாணவர்களே இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

சுதந்திர தேவி சிலையைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். தீவுக்குப் போகும் படகுக்குக் கட்டணம் உண்டு, ஆனால் அந்த டிக்கெட்டிலேயே எல்லிஸ் தீவும் அடக்கம். இரண்டிலும் ரேஞ்சர்கள் பேசும் நடைகளுக்குத் தனியாக ஒன்றும் கொடுக்க வேண்டாம். 1892 முதல் 1954 வரை ஏறத்தாழ 1.2 கோடி பேர் எல்லிஸ் தீவு வழியாக அமெரிக்காவுக்குள் வந்தார்கள்; பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோர் அங்கே கேட்கும் கதைகள் வேறு மாதிரி நெஞ்சில் இறங்கும். சிலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்றால் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி. 1997இலிருந்து யாருக்கும் கட்டணம் இல்லை. போக 25 நிமிடம், வர 25 நிமிடம். போகும்போது வலது பக்கம் நில்லுங்கள். பேட்டரி பூங்காவைச் சுற்றி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு படகு டிக்கெட் விற்கும் ஆள்கள் வழிமறிப்பார்கள். இலவச ஃபெர்ரிக்கே டிக்கெட் விற்கத் துணிந்தவர்கள் உண்டு. நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள்.

இத்தனைக்கும் பிறகு டிப்ஸ் நடைக்குப் போகவே கூடாதா என்றால், போகலாம். அவர்களில் மிகச் சிறந்த கதைசொல்லிகள் இருக்கிறார்கள். நியூயார்க்கில் வழிகாட்டியாக வேலை செய்ய நகர அரசின் உரிமம் வேண்டும்; 150 கேள்விகள் கொண்ட தேர்வு, 97க்காவது சரியான விடை எழுத வேண்டும். படித்து, தேர்வு எழுதி, மழையிலும் வெயிலிலும் தெருவில் நிற்கிறார்கள். இருவருமாக ஒரு முப்பது நாற்பது டாலரைத் தனியாக மடித்து வைத்துக்கொண்டு போங்கள், அவ்வளவு முடியாது என்றால் அந்த நடையை விட்டுவிடுங்கள். முன்பதிவு செய்த எந்த நடைக்கும், முக்கியமாகக் காசு வாங்காதவற்றுக்கு, போக முடியவில்லை என்றால் முதல் நாளே ரத்து செய்துவிடுங்கள். இலவசம்தானே என்று பலர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். எழுபது வயதுத் தன்னார்வலர் ஒருவர் குளிரில் வந்து வாசலில் காத்திருந்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். நமக்குக் கிடைக்கும் இந்த நல்லதை நாமே கெடுத்துக்கொள்ளும் வேலை அது.

ஆங்கில உச்சரிப்பு புரியுமோ என்ற தயக்கம் இருக்கலாம். கூட்டத்தின் பின்னால் ஒதுங்காமல் வழிகாட்டிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். தொடங்கும் முன்பே, கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு மெதுவாகப் பேசுவார்கள். நூலகத்தில் என் அம்மா அப்படித்தான் கேட்டார். அன்று சுற்றிக் காட்டிய அம்மையார் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் அம்மாவும் ஆசிரியை என்று தெரிந்ததும் நடை முடிந்த பிறகு இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து, வகுப்பில் அடங்காத பிள்ளைகளைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வசதியான காலணி, தண்ணீர்ப் புட்டி, மகனின் கைப்பேசி எண்ணை எழுதிய ஒரு தாள், இவை போதும். நடைகள் மழையிலும் நடக்கும், ஆனால் ஜனவரி, பிப்ரவரிக் குளிரில் வெளியே சுற்றும் நடைகளை விட்டு நூலகம், அருங்காட்சியகம் என்று கூரைக்குள் நடப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீட்டருக்கு மட்டும் சில வாரங்கள் முன்னதாகவே எழுத வேண்டும் என்பதால் அதை இன்று இரவே மகனை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். நூலகத்துக்கு நாளைக் காலையே கிளம்பலாம்.